பூங்காவின்மேல் கூடும் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கத்திற்குரிய சென்னை மேயர் அவர்களுக்கும், மதிப்பிற்குரிய துணை மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நீங்கள் கூடி விவாதிக்கும் ரிப்பன் மாளிகை ஒரு பூங்காவின்மேல் நிற்கிறது. 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் அன்றைய கறுப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்குவதற்கென்று உருவாக்கிய 116 ஏக்கர் பூங்கா அது. 'பீப்பிள்ஸ் பார்க்' என்பது அதன் பெயர். மக்கள் பூங்கா என்று தமிழில் சொல்லலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் சொன்னதாக நினைவில்லை. பார்க் டவுன் என்ற பகுதிப் பெயரும், பார்க் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத்தின் பெயரும் அந்தப் பூங்காவிலிருந்து வந்தவை. இன்று அந்தப் பெயர்களைச் சொல்கிறவர்களில் பலருக்கு எந்தப் பார்க் என்ற கேள்வியே எழுவதில்லை.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியமேட்டில் மை லேடீஸ் பூங்கா என்ற பெயரில் எஞ்சியிருக்கும் பசுமையை, அந்தப் பெரிய பூங்காவின் மிச்சம் என்று மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அறிவிக்க வேண்டும். அதிலிருந்து இனி ஓரடி நிலமும் எந்த நல்ல காரியத்துக்காகவும் எடுக்கப்பட மாட்டாது என்று அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். 'நல்ல காரியத்துக்காகவும்' என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். 116 ஏக்கரும் கரைந்த கதையைப் பார்த்தால், அதைக் கரைத்தவற்றில் பெரும்பாலானவை நல்ல காரியங்களாகவே இருந்திருக்கின்றன.

என் தந்தை பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். 1960களில் பட்டாளத்தில் குடியிருந்த எங்களுக்கு, மில்லுக்கு விடுமுறை என்றால் உயிர் காலேஜ் என்று பொருள். அம்மா தூக்குவாளியில் புளிச்சோறு கட்டித் தருவார். சூளை வழியாக நடந்து, சைடன்ஹாம்ஸ் ரோட்டைப் பிடித்துப் பெரியமேட்டுப் பக்கமாக உள்ளே நுழைவோம். உயிர் காலேஜ் என்றால் விலங்குகள் இருந்த இடம். எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். அருங்காட்சியகம் முதலில் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் தொடங்கப்பட்டதால் 'காலேஜ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். எப்படியிருந்தாலும், உயிருள்ளவற்றை ஓரிடத்திலும் உயிரற்றவற்றை இன்னோர் இடத்திலும் வைத்திருப்பதைப் பார்த்து இரண்டு சொல்லில் பெயரிட்ட அந்த நகரத்து மக்களின் கேலி எனக்கு இன்றும் பிடிக்கும். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் அங்கேயே விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். 1860களின் தொடக்கத்தில் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டு நகராட்சியின் பொறுப்பில் வந்தன. அதாவது உங்கள் மாநகராட்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சிங்கம், புலி வளர்த்த நிறுவனம். சூளையில் என் அத்தை வீட்டு மொட்டை மாடியில் கோடைக்காலத்தில் படுத்திருந்தால், நள்ளிரவில் அந்தச் சிங்கங்களின் குரல் கேட்கும். வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் புரண்டு படுப்போம்.

பூங்கா தொடங்கிய காலத்தில் அதற்குள் பதினொரு குளங்களும், ஐந்தரை மைல் நீளத்துக்குச் சாலைகளும், பேண்டு வாத்தியம் இசைக்க ஒரு மேடையும், பொதுக் குளியல் இடமும் இருந்தன. கறுப்பர் நகரத்தைச் சுற்றி நின்ற மதில் இடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. மதிலுக்குள் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு மதிலுக்கு வெளியே ஒரு பெருவெளியைக் கொடுப்பது என்ற எண்ணம் அன்றைய ஆட்சியில் தோன்றியதே வியப்புக்குரியது. ட்ரெவெல்யனைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் நிவாரணப் பொறுப்பில் இருந்து, அங்கே கைச்சிக்கனம் காட்டியதற்காக அந்நாட்டு மக்கள் இன்றும் அவரை மன்னிக்கவில்லை. இங்கேயும் ஓராண்டு சொச்சமே பதவியில் இருந்தார். கல்கத்தா அரசின் புதிய வரித் திட்டத்துக்குத் தெரிவித்த எதிர்ப்பைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டதால் 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். ஒரே மனிதரின் கையால் ஓரிடத்தில் அப்படியும் ஓரிடத்தில் இப்படியும் நடந்திருக்கிறது. விக்டோரியா பொதுக்கூடத்தின் முன்புறம் அவர் பெயரால் ஒரு நீரூற்றுத் தூண் நிற்கிறது. சென்ட்ரலுக்கு ஓடுகிற கூட்டத்தில் அதை நின்று பார்த்தவர்கள் மிகக் குறைவு.

பூங்காவின் கிழக்கு ஓரத்துக்கு 1873-இல் ரயில் வந்தது. ராயபுரத்தில் 1856-இலேயே தொடங்கிய ரயிலுக்கு நகரத்தின் நடுவில் இன்னொரு முனையம் தேவைப்பட்டது; சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 1883-இல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டிய விக்டோரியா பொதுக்கூடத்தைச் சிஷோல்ம் வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டினார். அந்தக் கூடம் நமக்குச் செய்தது கொஞ்சமல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கே மேடையேறின; சென்னை மக்கள் சலனப்படத்தை முதன்முதலாகக் கண்டு வாய்பிளந்த இடங்களில் ஒன்றும் அதுவே. 1898-இல் அடிக்கல் நாட்டி 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், அப்போதைய மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூரின் பெயரைப் பெற்றது. 1909-இல் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டிய ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. பிறகு விளையாட்டரங்கம். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று நாங்கள் அழைத்த அந்தத் திடலில் 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஜோடியாக 413 ஓட்டம் எடுத்தார்கள். 2008 வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் டெஸ்ட் கிரிக்கெட்டில் எந்தத் தொடக்க ஜோடியும் அதைத் தாண்டவில்லை. அந்த இடத்தில் எழுந்த ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில்தான் 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன.

ரயில், நாடகம், சந்தை, மாநகராட்சி, விளையாட்டு: இவற்றில் எது வேண்டாம் என்று எவரால் சொல்ல முடியும்? தனியார் ஒருவர் வேலி போட்டு வளைத்திருந்தால் நாம் கூக்குரலிட்டிருப்போம். பொதுக்காரியத்துக்காகப் பொது நிலம் எடுக்கப்பட்டபோதெல்லாம் 'பூங்காதானே, சும்மாதானே கிடக்கிறது' என்ற ஒரே நியாயம் போதுமானதாக இருந்தது. மரமும் புல்லும் குளமும் இருக்கிற நிலத்தைச் சும்மா கிடக்கிற நிலமாகப் பார்க்கிற கண் நம் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்தது. மூர் மார்க்கெட்டை ஒருபோதும் பூங்காவின் இழப்பாக நான் நினைத்ததில்லை. அங்கே பழைய புத்தகக் கடைகளில் நின்றபடியே பாதி நூலைப் படித்துவிட்டு, விலை கட்டாது என்று வைத்துவிட்டு வந்த மாணவி நான்.

1985-ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. மறுநாள் பள்ளியில் ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. புத்தகம், கிளி, மீன் தொட்டி, இசைத்தட்டு, பழைய கடிகாரம், எதையெடுத்தாலும் பேரம் என்று இருந்த ஓர் உலகம் ஒரே நாளில் கரியாயிற்று. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 24 அன்று வண்டலூரில் புதிய உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். ஐந்நூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டில் விலங்குகள் உலவுவது, பெரியமேட்டில் கூண்டுக்குள் அடைந்து கிடப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒரே கோடையில் வட சென்னையின் இரண்டு பெரிய ஈர்ப்புகளும் போய்விட்டன என்பதை அன்று யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. பட்டாளத்திலிருந்து நடந்தே போய் விலங்கு பார்த்த பிள்ளைகளுக்குப் பிறகு, வண்டலூர் ஒரு நாள் பயணமாகவும் குடும்பத்துக்கே பேருந்துக் கட்டணமாகவும் மாறியது. மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. இன்றும் அதன் பெயர் மூர் மார்க்கெட் வளாகம்தான். வாசலில் பழைய கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். கடையிழந்த வியாபாரிகளுக்குக் கட்டிக்கொடுத்த வணிக வளாகத்துக்கு அல்லிக்குளம் என்று பெயர். பூங்காவில் அல்லி பூத்த குளத்தைத் தூர்த்து அதன்மேல் எழுந்த கட்டடம், குளத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. பெயரை விட்டுவைத்துப் பொருளை எடுத்துக்கொள்வதில் நம் ஊருக்கு இணை எதுவும் இல்லை.

குளங்களைப் பற்றி இன்னொரு சொல். புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் சூளையிலும் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவு நீரில் நடந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போதும் பெருமழை என்றால் எங்கள் தெருக்களின் பெயர்கள்தான் செய்தியில் முதலில் வருகின்றன. அதற்குக் காரணங்கள் பல; ஒரு பூங்காவின் குளங்கள் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் பேதை அல்ல. ஆனால், மழைநீர் வடிகாலுக்கும் பஞ்சுபோல் நீரை உறிஞ்சும் பூங்காக்களுக்கும் திட்டம் தீட்டுகிற இன்றைய மாமன்றத்துக்கு, தன் மாளிகையைச் சுற்றியே பதினொரு குளங்கள் இருந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இப்போது எஞ்சியதைச் சொல்கிறேன். மை லேடீஸ் பூங்காவுக்கு ஒரு காலத்தில் மலர்க் கண்காட்சிகளால் பெயர் இருந்தது. இன்று காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், அருகிலுள்ள மாநகராட்சி நீச்சல் குளத்துக்கு வரும் பிள்ளைகள், மதியத்தில் தோல் மண்டிகளிலிருந்து சுமை இறக்கிவிட்டு வந்து நிழலில் சாயும் தொழிலாளர்கள், இரவு ரயிலுக்குப் பகலெல்லாம் காத்திருக்கும் வெளியூர்க் குடும்பங்கள் என்று அதற்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேறெங்கும் கட்டணம் கொடுத்து உட்கார முடியாதவர்கள். ட்ரெவெல்யன் பெயரிட்டபோது 'பீப்பிள்' என்று யாரை நினைத்தாரோ, அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றும் அங்கே இருக்கிறார்கள். சென்ற தை மாதம் என் பேத்தியை அங்கே அழைத்துப் போனேன். 'ஆயா, சிங்கம் எங்கே இருந்தது?' என்று கேட்டாள். கையை நீட்டி எந்தத் திசையைக் காட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. சுவர்கள், வாயில்கள், வாகன நிறுத்தங்கள், மெட்ரோவின் வழிகள். அறுபது ஆண்டுகளாக அந்த வட்டாரத்தில் நடக்கிறவள் நான். எனக்கே இடம் பிடிபடவில்லை.

அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது. ஆகவே தீர்மானத்தோடு கூடவே, பழைய பூங்காவின் எல்லையை உங்கள் ஆவணக் காப்பில் உள்ள வரைபடங்களைக் கொண்டு கண்டறிந்து, அந்த எல்லை செல்லும் வழியில் தமிழில் பெயர்ப்பலகைகள் வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 'இங்கே பூங்காவின் வாயில் இருந்தது', 'இங்கே சிங்கக் கூண்டு இருந்தது', 'இந்தக் கட்டடத்தின் கீழே அல்லிக்குளம் இருந்தது' என்று இரண்டு வரி போதும். தலைவர்களின் படமும் திறந்துவைத்த தேதியும் பலகையில் பாதியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 1886 டிசம்பர் 31 அன்று பூங்காவில் நடந்த ஆண்டுச் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இந்த நகரம் கண்ட கொடிய விபத்துகளில் ஒன்று. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கால்கள் அந்த மண்ணின்மேல் நடக்கின்றன. அங்கே மாண்டவர்களுக்கும் ஒரு பலகை வேண்டும்.

பூங்கா வரலாற்றைக் காப்பது வட சென்னைக்குப் புதிதல்ல என்பதற்கு உங்கள் பொறுப்பில் உள்ள இரண்டு இடங்களே சான்று. பழைய சிறைச்சாலை சாலையில், இடிபடாமல் மிஞ்சிய கறுப்பர் நகர மதிலின்மேலேயே மாடிப் பூங்கா அமைந்தது. ஆனைகவுனி என்ற பெயரில் வாயில் மட்டும் சொல்லாய் மிஞ்சியிருக்க, அங்கே மதில் கல்லாகவே மிஞ்சியிருக்கிறது. ராயபுரத்தில் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் நடந்த கூட்டத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பயணம் தொடங்கியது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. ஓர் அரசியல் இயக்கம் பிறந்த இடம் என்பதால் அந்தப் பூங்காவின் கதையை ராயபுரத்துச் சிறுவனும் சொல்வான். பீப்பிள்ஸ் பார்க்கில் கட்சி எதுவும் பிறக்கவில்லை. அங்கே நடந்ததெல்லாம் மில் தொழிலாளிகள் பிள்ளை குட்டிகளோடு வந்து புல்லில் உட்கார்ந்து சோறு தின்றதுதான். அதற்கும் ஒரு வரலாற்று மதிப்பு உண்டு என்று மாமன்றம் ஏற்குமானால், நான் மகிழ்வேன்.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்க 1959-இலேயே இம்மாநிலத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பீப்பிள்ஸ் பார்க் பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து அது வந்தது தற்செயல்தான். அதற்குள் பூங்காவின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது என்பதும் உண்மை. அச்சட்டம் உள்ளாட்சிகள் தம் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும் என்கிறது. பெரியமேட்டில் எஞ்சியுள்ள நிலத்தை அளந்து, எந்தப் பகுதி பூங்கா, எந்தப் பகுதி நீச்சல் குளம், எந்தப் பகுதி வேறு பயன்பாட்டில் உள்ளது என்பதைச் சதுர அடிக் கணக்கோடு ஒரு வரைபடமாக வெளியிட்டால், நாளை ஒருவர் வந்து 'ஒரு மூலைதானே' என்று கேட்கும்போது அந்த வரைபடத்தைக் காட்டலாம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மை லேடீஸ் பூங்கா என்ற பெயரை மாற்றச் சொல்லவில்லை. ஒரு நூற்றாண்டாகப் பழகிய பெயரைப் பலகையில் மாற்றினாலும் பெரியமேட்டு ஆட்டோக்காரர் மாற்ற மாட்டார். அதன் கீழே, சிறிய எழுத்தில், 'பீப்பிள்ஸ் பார்க், 1859' என்று சேர்த்தால் போதும்.

விக்டோரியா பொதுக்கூடத்தை மீட்டெடுக்க மாநகராட்சி எடுத்துக்கொண்ட முயற்சியைப் பாராட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கட்டடத்துக்குச் செலவிட்ட அக்கறையில் சிறு பகுதி, அது நிற்கும் மண்ணுக்கும் கிடைக்கட்டும். உறுப்பினர்களில் ஒருவராவது அடுத்த கூட்டத்தின் கேள்வி நேரத்தில் இதை எழுப்பினால், பார்வையாளர் மாடத்தில் வந்து உட்காரச் சித்தமாக இருக்கிறேன். பூங்காத் துறையினர் பழைய வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு காலை நேரத்தில் நடந்து பார்ப்பதாக இருந்தால், எங்கள் தெருவில் என் வயதை ஒத்தவர்கள் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். யானை கட்டியிருந்த இடமும் அப்பாக்கள் துண்டு விரித்துப் படுத்த மரத்தடியும் அவர்களுக்கு நினைவிருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் என்பதால் வெயில் ஏறுவதற்குள் தொடங்கினால் நல்லது. சூளைப் பக்கத்து வாயிலில் ஆறரை மணிக்கே நாங்கள் நிற்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
பட்டாளம், சென்னை